துண்டுக்குள் ஒரு டிராகன்

ஜூன் 1, ஞாயிறு

ஆல்பர்ட் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் நடத்திக்கொண்டிருந்த விளையாட்டை இனி நான் நடத்துவதாக ஒப்புக்கொண்டேன்.

இந்த டைரி ஒரு ஸ்டீல் கம்பெனிக்காரர் கொடுத்தது. சரக்கு வந்த தேதி, மழை பெய்த தேதி, இரண்டைத் தவிர இதில் எதுவும் எழுதியதில்லை. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று எனக்கே முழுசாகப் புரியவில்லை.

ஈரோட்டில் எங்கள் பாத்திரக்கடை மாடியில், அண்டா அடுக்கியிருக்கும் குடோனில், ஞாயிறுதோறும் காலை பத்தரையிலிருந்து ஒரு மணிவரை என் மகள் தாரணியும் அவள் சிநேகிதர்களும் உட்கார்ந்து ஆடுவார்கள். இரண்டு வருஷமாக நடக்கிறது. காசு வைத்து ஆடுவதில்லை, சீட்டும் இல்லை. ஒரு ஆள் கதை சொல்வான். "நீங்க காட்டுல நிக்கிறீங்க, எதிர்ல ஒரு கோட்டை, என்ன பண்றீங்க?" என்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் மதில் ஏறுகிறேன், நான் காவல்காரனை அடிக்கிறேன் என்பார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் ஏறலாம், சின்ன எண் விழுந்தால் இடுப்பு ஒடியும். கதை சொல்கிற ஆள்தான் காவல்காரன், கோட்டை, மழை, பேய், எல்லாம். அது ஆல்பர்ட்டாக இருந்தது.

இன்றைக்கு அவன் கிளம்பியதும் மூன்று பேரும் ஒப்பாரி வைக்காத குறை. மருந்துக் கம்பெனி ரெப்பாக இருக்கும் ஜாஃபர், "இதோட முடிஞ்சுதுடி" என்றான். பேங்கில் வேலை பார்க்கும் ரேணுகா பகடையை எல்லாம் சுருக்குப் பையில் போட்டுக் கட்டினாள். நான் அந்தப் பக்கம் மூடி எண்ணிக்கொண்டிருந்தேன். "ஒருத்தர் சொல்லோணும், மத்தவங்க கேக்கோணும், அவ்வளவுதானே? முப்பது வருசமா கடையில அதைத்தான பண்றேன், நான் நடத்தறேன்" என்று சொல்லிவிட்டேன்.

தாரணி ஜாஃபரைப் பார்த்து, "இருபது முகப் பகடைன்னா என்னன்னு தெரியுமான்னு அவரைக் கேளு" என்றாள். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன்.

ஜாஃபர் என்னிடம், "அங்கிள், இருபது முகப் பகடைன்னா..."

"தெரியும்னு சொல்லு" என்றேன்.

"தெரியுமாம்" என்றான்.

தாரணி என்னிடம் நேராகப் பேசி எழுபத்து மூன்று நாள் ஆகிறது. அந்தப் போன் விஷயத்துக்கு அப்புறம் இப்படித்தான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று என் மனைவி சாந்தாமணி வீட்டில் கேட்டாள். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் குடோனில் எலி வரும். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

ஜூன் 4, புதன்

ஆல்பர்ட் கொடுத்துவிட்டுப் போன நோட்டைப் படித்தேன். கருங்கோட்டை என்று ஒரு கோட்டை. உள்ளே புதையல். அதற்கு அந்தாண்டை ஒரு பாலம், பாலத்தில் ஒரு டிராகன். டிராகன் என்றால் இறக்கை வைத்த பெரிய பல்லி, வாயில் நெருப்பு வரும். நோட்டு அத்தோடு நிற்கிறது.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கோட்டைக்குப் பன்னிரண்டு அறை போட்டேன். காவல்காரர்கள் பதினாறு பேர், எல்லோருக்கும் பெயர், சொந்த ஊர், சாப்பாட்டு நேரம். சமையல்கட்டில் என்ன பாத்திரம், எத்தனை லிட்டர் கொள்ளளவு என்பதுவரை எழுதினேன். இருபத்திரண்டு பக்கம் வந்தது.

சாந்தாமணி எட்டிப் பார்த்து, "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இத்தனை எழுதலீங்க" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

அவர்கள் கோட்டைக்குள் போகவே இல்லை.

பெரிய தாம்பாளம் ஒன்றை எனக்கு முன்னால் நிறுத்தி வைத்து, அதற்குப் பின்னால் நோட்டும் பகடையுமாக உட்கார்ந்தேன். நடத்துகிறவன் எழுதி வைத்திருப்பதையும் அவன் உருட்டுகிற பகடையையும் ஆடுகிறவர்கள் பார்க்கக் கூடாது, அதுதான் முறை. ரேணுகாவின் வேஷம் கோடாரி தூக்கும் பெரியாத்தா. ஜாஃபர் மந்திரவாதி மஸ்தான். தாரணி ஒரு திருடி, பெயர் நிழலி. "எதிர்ல கருங்கோட்டை, கதவு திறந்திருக்குது, உள்ளே சாம்பார் வாசம் வருது" என்று ஆரம்பித்தேன்.

தாரணி ரேணுகாவிடம் சொன்னாள்: "நிழலி கோட்டைக்குப் போகல. கிழக்கால திரும்பி நடக்கறா."

கிழக்கே ஒன்றுமே இல்லை. நான் எழுதவில்லை. இருபத்திரண்டு பக்கமும் மேற்கே இருக்கிறது.

ஆனால் கடையில் இல்லை என்ற சொல்லே கிடையாது. நம்மிடம் இல்லாததை ஒருத்தர் கேட்டால், "இருக்குதுங்க, குடோன்ல இருந்து வருது, உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று உட்கார வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்து நம் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் இப்படித்தான் நின்றிருக்கிறேன்.

"கிழக்கால ஒரு டீக்கடை இருக்குது" என்றேன். "ராக்காயின்னு ஒருத்தி நடத்தறா. உக்காருங்க, டீ சாப்பிடுங்க."

அவர்கள் டீ குடிப்பதற்குள் ஊரை யோசித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அப்போதுதான் அது நடந்தது. தாரணி தாம்பாளத்துக்கு மேலாக நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏனுங்க, இந்தப் பக்கம் ஊரு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள்.

என்னிடம்தான் கேட்டாள். சரி, ராக்காயிடம் கேட்டாள். இருந்தாலும் ராக்காய் நான்தானே.

"இருக்குது கண்ணு" என்றேன். "சக்கரை போதுமா சாமி?"

"போதுங்க."

"இன்னொரு டீ?"

"வேண்டாங்க, நேரமாச்சு."

"வடை சூடா இருக்குது."

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் டீக்கடையிலேயே போயிற்று. ரேணுகாவின் பெரியாத்தா பொறுமை இழந்து பெஞ்சைக் கோடாரியால் வெட்டினாள்.

ஜூன் 11, புதன்

இட்லி அண்டா இருபத்துநான்கு வந்தது. ராக்காய்க்கு ஒரு தம்பி இருந்தால் நன்றாயிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

ராக்காய்க்குத் தம்பி, நாத்தனார், குறி சொல்லும் சித்தப்பா, மூன்று பேரையும் தயார் செய்துகொண்டு போனேன். எல்லோரும் வழியில் நிழலியை நிறுத்தி ஏதாவது கேட்டார்கள். எந்த ஊர், சாப்பிட்டாயா, இந்த வெயிலில் செருப்பில்லாமல் ஏன் நடக்கிறாய். தாரணியும் ஒவ்வொருத்தருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். சித்தப்பாவிடம் ஒரு தடவை சிரித்தாள்.

பிறகு கிணற்றடியில் ஒரு பேய். இது முன்கூட்டி எழுதியதில்லை. ஜாஃபர் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பான் என்று யார் கண்டது? என்னென்னவோ உளறி, அந்தப் பேய் சாகும்போது அதன் போசிப் பாத்திரத்துக்கு மூடி காணாமல் போய்விட்டது, அது கிடைத்தால்தான் போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குடோனில் இருந்த மூடியை எல்லாம் இறக்கி ஒவ்வொன்றாகப் பேய்க்குப் போட்டுப் பார்த்தார்கள்.

"இது பொருந்துதுங்களா?" என்றாள் ரேணுகா.

"இறுக்கமா இருக்குது" என்றது பேய்.

"இது?"

"ஆடுது."

"அங்கிள், இந்தப் பேய் செத்ததே இப்படி நொரநாட்டியம் பண்ணித்தான்" என்றான் ஜாஃபர்.

கடைசியில் எட்டாம் நம்பர் மூடி பொருந்தி, பேய் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போயிற்று. ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது ஜாஃபர் படியில் நின்று கேட்டான்: "அங்கிள், ஒரு சந்தேகம். நாங்க மூணு பேர் ஆடறோம். ஆனா இந்த ஊருல இருக்கற ஜனம் பூராம் நிழலிகிட்டயே வந்து நலம் விசாரிக்குதே, ஏன்?"

"அவ முகராசி" என்றேன்.

ஜூன் 18, புதன்

கடையில் ஆனி முகூர்த்தக் கூட்டம். சீர்வரிசைக்கு இரண்டு பார்ட்டி. மத்தியானம் ஓய்வாக இருந்தபோது அந்தப் போன் விஷயத்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுதினால் என் பக்கத்து நியாயம் தெரியும்.

மார்ச் 20. புனேயில் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரைகிற வேலை. தாரணி மூன்று கட்டம் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். அன்று அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு அம்மா ஹிந்தியில் சம்பளம் இவ்வளவு என்றது. பம்பாயில் சரக்கு எடுத்த பழக்கத்தில் எனக்குப் பேரத்துக்கு வேண்டிய ஹிந்தி வரும். முதலில் சொன்ன விலைக்கு யாராவது தலையாட்டுவார்களா? இரண்டு மடங்கு கேட்டேன். முடியாது என்றது. "கட்டுப்படியாகாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையை விட்டு இறங்கி நடக்கிற மாதிரிதான். நடந்தால்தான் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள்.

இதை நான் புஸ்தகத்தில் படிக்கவில்லை. பதினாறு வயதில் அந்தியூர் மாட்டுச் சந்தையில் தரகரிடம் வேலை பார்த்தபோது கற்றது. அங்கே வாய்விட்டு விலை பேச மாட்டார்கள். இரண்டு பேர் கைக்கு மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று யாருக்கும் தெரியாது, முடிந்த பிறகும் வெளியே சொல்லக் கூடாது. படியவில்லை என்றால் கையை உருவிக்கொண்டு நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. தாரணி சின்னவளாக இருந்தபோது பஸ்ஸில் வாந்தி எடுப்பாள். அதை மறக்கடிக்க இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். கோபி போய்ச் சேருவதற்குள் என் துண்டுக்குள்ளேயே கைவிட்டு ஒரு ஐஸ்கிரீமை மூன்றாக்கிவிடுவாள்.

அதனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தாரணி தலை துவட்டிக்கொண்டே வந்து, "யாருப்பா போன்ல?" என்றாள்.

அவள் என்னைக் கடைசியாக அப்பா என்றது அதுதான்.

புனேக்காரர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு ஆளை எடுத்துக்கொண்டதாக மூன்றாம் நாள் தகவல் வந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள் என்று அன்றைக்குச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

எழுதிப் பார்த்துவிட்டேன். நியாயம் நான் நினைத்த அளவுக்குத் தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பெரியாத்தாவுக்குப் புதுக் கோடாரி வேண்டும் என்று ரேணுகா கேட்டாள். பழையதை எடை போட்டு, சேதாரம் கழித்து, மாற்றிக் கொடுத்தேன். ஆயுதக் கடைக்காரனிடம் அவள் அரை மணி நேரம் சண்டை போட்டாள், பேங்க்காரி அல்லவா. அப்புறம் ஒரு ஓநாய்க் கூட்டம். ஓநாய் நிழலியைக் கடித்ததா இல்லையா என்று தாம்பாளத்துக்குப் பின்னால் உருட்டினேன். பத்தொன்பது விழுந்தது. பத்தொன்பது என்றால் கழுத்தில் கடி, ஆள் காலி.

"மூணு" என்றேன். "ஓநாய்க்குக் கால் வழுக்கிருச்சு."

ஜாஃபர் கொட்டாவி விட்டான். "அங்கிள், போன வாரம் கரடிக்கு வழுக்குச்சு. அதுக்கு முன்னாடி பாம்புக்கு வழுக்குச்சு. பாம்புக்குக் கால் ஏதுங் அங்கிள்?"

"ஈர நெலம்."

"அங்கிள், திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் புது அண்டாக்கள் ஆறு, பளபளவென்று. ஒவ்வொன்றிலும் நான், என் நோட்டு, என் பகடை. ஒரு அண்டாவில் பத்தொன்பது என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. முப்பது வருஷம் பாத்திரம் விற்கிறவன் அண்டா முன்னால் உட்கார்ந்து திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறேன். வெளியே சொன்னால் பாத்திர வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினராக வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"மொத நாள்ல இருந்தே தெரியுதுங் அங்கிள்" என்றாள் ரேணுகா. "உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லலை."

"எனக்குத் தெரியாது" என்றாள் தாரணி. அவள் உட்காரும் இடத்தில் தூண் மறைக்கிறது. எழுந்து வந்து அண்டாவைப் பார்த்தாள். அதில் என் முகம் அகலமாக, அசட்டுத்தனமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"என்ற உசுருக்கு நீங்க பேரம் பேசாதீங்க. நான் செத்தா சாகறேன். பகடையை எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க."

படியில் இறங்கிப் போய்விட்டாள்.

ஜாஃபர், "அந்த ஓநாய் இப்ப என்ன பண்ணுதுங் அங்கிள்?" என்றான். ஓநாயும் வீட்டுக்குப் போய்விட்டது என்றேன்.

ஜூன் 23, திங்கள்

மழை. நேற்று தாரணி நேராக என்னிடம் சொன்ன வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று.

ஜூன் 26, வியாழன்

சாந்தாமணி மாவு வழித்துக்கொண்டே, "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கறா, அதனால நான் கிரைண்டர்கிட்டச் சொல்றேன்" என்றாள். பிறகு கிரைண்டரைப் பார்த்து, "இந்தா, ஐதராபாத்துல ஒரு கம்பெனிக்காரங்க தாரணியைக் கேட்டிருக்கறாங்க. ஜூலை பதினாலு போய்ச் சேரோணுமாம். ஹாஸ்டல்ல தங்கறதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டா. சொல்லாமயே போயிருவேங்கறா" என்றாள்.

"சம்பளம் எவ்வளவுன்னு கேளு" என்று கிரைண்டரிடம் சொன்னேன்.

சாந்தாமணி மாவுக் கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்கு வந்துவிட்டேன்.

அவள் கிளம்புகிற ஞாயிறைக் கழித்தால் இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. கோட்டையைத் தூக்கிவிட்டேன். காவல்காரர்கள் பதினாறு பேருக்கும் லீவு. நேராக டிராகனுக்குப் போகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

தாம்பாளம் இல்லை. பகடையை நடுவில், எல்லோர் கண் முன்னால் போட்டேன். தாரணி வருவாளா என்று தெரியாமல் இருந்தது. பத்தே முக்காலுக்கு வந்து தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நேற்றே அண்டாக்களை எல்லாம் கவிழ்த்துத் துணி போட்டு மூடிவிட்டேன்.

முதல் உருட்டிலேயே நிழலி சாணிக் குழிக்குள் விழுந்தாள். இரண்டாவது உருட்டில் ஒரு ஆமை அவள் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மூன்றாவதில் ஆமையோடு சேர்த்து ஆற்றில் போனாள். ஒவ்வொரு தடவையும் என் கை தானாகப் பகடையை மறைக்கப் போயிற்று. ரேணுகா ஸ்கேலால் என் கையைத் தட்டினாள்.

ஆமை கடித்தபோது தாரணி வாய்விட்டுச் சிரித்தாள். என்னால்தான் பார்க்க முடியவில்லை. விரல் போனால் ஐதராபாத்தில் எப்படிப் படம் வரைவாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அப்புறம்தான் அது நிழலியின் விரல் என்று ஞாபகம் வந்தது.

ஜூலை 2, புதன்

ராட்சச டிராகனுக்குக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று கடையில் பேசிப் பார்த்தேன். குத்துவிளக்கு வாங்க வந்த அம்மா, "தொண்டைக்கு மிளகு போட்டுக் குடிங்க" என்றது.

ஜூலை 6, ஞாயிறு

டிராகனைக் கரைசேர்த்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தோளில் பச்சைக்கரைத் துண்டு போட்டுக்கொண்டு போனேன். பாலத்து நடுவில் டிராகன் உட்கார்ந்திருக்கிறது என்றேன். கிழ டிராகன். நெருப்பெல்லாம் முன்பு மாதிரி வருவதில்லை, அடுப்புப் பற்ற வைக்கிற அளவுக்கு வரும். பாலத்தைத் தாண்டினால்தான் அவர்கள் போக வேண்டிய ஊர்.

"சுங்கம் என்னங்க?" என்று மஸ்தான் கேட்டான்.

டிராகன் குரலில், "உங்கள்ல ஒருத்தர் என்ற குகையில பத்து வருசம் இருக்கோணும்" என்றேன்.

"பத்து வருசமா? குகையில என்ன பண்றதுங்?"

"சும்மா பேசிட்டு இருக்கலாம்" என்றது டிராகன்.

ஜாஃபர் விட்டத்தைப் பார்த்தான். ரேணுகா சட்டென்று எழுந்து, பேச்சே வேண்டாம், பெரியாத்தா வெட்டுகிறாள் என்று பகடையை உருட்டினாள். நான்கு. புதுக் கோடாரி உடைந்தது. ஜாஃபர் மந்திரம் போட்டான். இரண்டு. மஸ்தானின் தாடி கிளிப்பச்சையாக மாறியதுதான் மிச்சம்.

தாரணி பகடையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினாள். பிறகு கீழே வைத்துவிட்டு, எட்டி என் தோளிலிருந்து துண்டை உருவி, தன் கைமேல் போட்டு நீட்டினாள்.

"நிழலி துண்டு போடறா" என்றாள்.

"இதுக்கு விதி இருக்குதா?" என்றான் ஜாஃபர்.

"இருக்குது" என்றேன்.

கையைத் துண்டுக்குள் விட்டேன். அந்தக் கை இப்போது பெரிதாகிவிட்டது, பென்சில் பிடித்த இடத்தில் காய்ப்பு. இரண்டு தடவை ஐந்து விரலையும் பிடித்தேன், பத்து. அவள் என் விரலில் ஒன்றைப் பிடித்தாள். எட்டு என்றேன். ஒன்று. ஐந்து என்றேன். ஒன்று. ஐந்திலேயே நின்றேன். ஐந்து நியாயமான விலை. நெருப்பு சரியாக வராத டிராகனுக்கு ஐந்து அதிகமில்லை.

அவள் கையை உருவிக்கொண்டாள். துண்டு பகடைமேல் விழுந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிசகாமல் செய்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடி.

எங்கள் மாடிக்குப் பதினான்கு படி. போகிறவர் கடைசிப் படிக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது, அதற்கு முன்னால் கூப்பிட்டால் நம் பலவீனம் தெரிந்துவிடும். நான் கூப்பிட்டதே இல்லை. என்னை மற்றவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், புனேக்காரர்கள் தவிர. ஒரு படி. இரண்டு. மூன்று.

"அம்மிணி!" என்று கத்திவிட்டேன்.

செருப்புச் சத்தம் நின்றது.

"டிராகன் கூப்பிடுதுங்களா, அங்கிள் கூப்பிடறாரா?" என்று ஜாஃபர் மெதுவாகக் கேட்டான். ரேணுகா அவன் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"ரெண்டு பேருந்தான்" என்றேன். "வா சாமி. உன்ற வெலைக்கே குடுத்தர்றேன்."

தாரணி மேலே வந்து தூணில் சாய்ந்து நின்றாள். "வருசக் கணக்கு கெடக்கட்டும், என்ற வெலை என்னன்னு கேக்கவே இல்லீங்களே."

"கேக்கல. அன்னிக்குப் போன்லயும் கேக்காமத்தான் பேசிட்டேன். அது உன்ற சரக்கு, நான் வெலை பேசியிருக்கக் கூடாது. இப்ப நீ சொல்லு."

ரேணுகா துண்டின் முனையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். என் துண்டு. பேய்க்கு அழுதவள், இதற்கும் அழுவாள்.

தாரணி வந்து எதிரே உட்கார்ந்தாள். "ஐதராபாத்காரங்க மொதல்ல ஒரு சம்பளம் சொன்னாங்க. நான் கட்டுப்படியாகாதுன்னு சொல்லி வெச்சுட்டேன்."

"கூப்பிட்டாங்களா?"

"ரெண்டு மணி நேரத்துல."

"பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேனல்ல, நடந்தா கூப்பிடு..."

"அப்பா."

"சரி. சரி, பேசல."

அந்தச் சொல்லைக் கேட்டு நூற்றெட்டு நாள் ஆகியிருக்கிறது. நேரம் பன்னிரண்டு இருபத்தைந்து, குடோன் கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகம்.

எவ்வளவு சம்பளம் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே ரேணுகாவிடமிருந்து துண்டைப் பிடுங்கி, கைமேல் போட்டு, உள்ளே என் விரல்களைப் பிடித்துக் காட்டினாள். ஜாஃபரும் ரேணுகாவும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் பேசியது வெளியே வரக் கூடாது, அதனால் இங்கேயும் எழுத மாட்டேன். புனேக்காரம்மா சொன்னதைவிட அதிகம், அவ்வளவுதான் சொல்வேன்.

பிறகு அவள் தன் விலையைச் சொன்னாள். நான் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் முதல் தடவையிலேயே தலையாட்டினேன். ஐம்பத்தெட்டு வயதில் இதுதான் முதல் முறை, கழுத்து பழகவில்லை.

முடிவான பேச்சு இது. டிராகன் வருஷக் கணக்கையே விட்டுவிட்டு மூன்று பேரையும் பாலத்தைத் தாண்ட விடும். பதிலுக்கு நிழலி ஞாயிறுதோறும் பத்தரைக்கு ஐதராபாத்திலிருந்து வீடியோவில் வந்து உட்காருவாள், ஜாஃபரும் ரேணுகாவும் குடோனுக்கு வருவார்கள், கதை நான் நடத்துவேன். பகடை நடுவில் விழும், விழுந்தது விழுந்ததுதான், எந்த மிருகத்துக்கும் கால் வழுக்காது. ராக்காயும் அவள் சொந்தக்காரர்களும் நிழலியை ஒரு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாது. ஊருக்கு வந்திருக்கும்போது தாரணியின் போன் அடித்தால் தாரணிதான் எடுப்பாள். அவள் பேசும்போது நான் அந்த அறையில் இருக்கக் கூடாது என்றாள். அதில் மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, மாடிப்படியில் மூன்றாம் படிவரை வந்து நிற்கலாம் என்று வாங்கினேன்.